குளிரை எதில் சேமிப்பது? பூசாவின் செங்கல் தொட்டியை முன்வைத்து

1. ஒரே தெருவில் மூன்று குளிர்

தில்லி மோதி பாக்கின் அரசுக் குடியிருப்புகளுக்கு இடையே மே மாதக் காலையில் வரும் காய்கறித் தள்ளுவண்டியில் கீரையும் புதினாவும் ஈரச்சாக்கின் அடியில் இருக்கும். வண்டிக்காரர் அடிக்கொருதரம் அந்தச் சாக்கின்மேல் தண்ணீர் தெளிப்பார். வெயில் ஏறுவதற்குள் போகாத கீரையைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். தலைக்குமேலே ஜன்னல்களில் டெசர்ட் கூலர்கள் ஓடிக்கொண்டிருக்கும். தேசியப் பால்வள வாரியம் 1988இல் தொடங்கிய சஃபல் திட்டத்தின் சில்லறைக் கடைகள் தில்லிக் குடியிருப்புகளில் பரவலாக இருக்கின்றன. அங்கே வரும் காய் மங்கோல்புரி நிலையத்தின் குளிரறைகளைக் கடந்து வருவது. ஈரச்சாக்கு, கூலர், மின்குளிரறை என்று மூன்று வகைக் குளிர் ஒரே வட்டாரத்தில் அருகருகே இருக்கிறது. முதல் இரண்டும் ஒரே இயற்பியல் விதியில் இயங்குபவை. மூன்றாவதை மட்டும்தான் நாம் 'குளிர்பதனம்' என்று அழைக்கிறோம்.

மோதி பாக்கிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் பூசா இருக்கிறது. அங்குள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்தில் சுசாந்த கே. ராய், டி.எஸ். குர்தியா ஆகிய இருவரும் மின்சாரமே இல்லாத ஒரு குளிரறையை வடிவமைத்தார்கள். செங்கல், மணல், தண்ணீர் ஆகியவற்றால் ஆனது அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது பெரும்பாலும் பாடநூல்களிலும் செயல்விளக்கத் திடல்களிலும்தான் காணக்கிடைக்கிறது. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அங்கிருந்து பிறக்கிறது. மின்சாரத்தை நம்ப முடியாத வெப்ப ஊர்களில் காய்கனி கெடுவதற்குக் காரணம் மின்சாரப் பற்றாக்குறையா, குளிர்ப் பற்றாக்குறையா? இரண்டும் ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் பெரும்பாலான திட்டங்கள் எழுதப்படுகின்றன. அவை ஒன்றல்ல என்பது என் வாதம்.

2. நாற்பது விழுக்காடு என்னும் எண்

நாட்டில் விளையும் காய்கனியில் முப்பது, நாற்பது விழுக்காடு அழுகிப்போகிறது என்று மேடைகளிலும் தலையங்கங்களிலும் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. வயலிலிருந்து கடைவரை ஒவ்வொரு கட்டமாக அளந்து பார்த்தவர்களின் எண் வேறு. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல், தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பழங்களின் இழப்பு பயிருக்கேற்ப 6.7 முதல் 15.88 விழுக்காடு வரையும், காய்கறிகளின் இழப்பு 4.58 முதல் 12.44 விழுக்காடு வரையும் இருந்தன. மிக அதிகம் இழந்தது கொய்யா. தானியம், பால், இறைச்சி எல்லாம் சேர்த்து மொத்த இழப்பின் மதிப்பு 2014ஆம் ஆண்டு விலையில் ஏறத்தாழ 92,651 கோடி ரூபாய். 2022இல் வந்த, நாப்கான்ஸ் ஆலோசனை நிறுவனத்தின் ஆய்விலும் விழுக்காடுகள் ஏறக்குறைய இதே வரம்பில்தான் உள்ளன.

எண் சிறியது என்பதால் துயரம் சிறியதாகிவிடாது. ஆனால் மிகைப்படுத்திய எண் ஒரு காரியத்தைச் செய்துவிடுகிறது. நாற்பது விழுக்காடு அழுகுகிறது என்று நம்பும் மனம் உடனே பெரிய கிடங்கைத்தான் கேட்கும். அளந்த எண்களோ வேறொன்றைக் காட்டுகின்றன. பறிப்பது, தரம் பிரிப்பது, மூட்டை கட்டுவது, வண்டியில் ஏற்றுவது, சந்தையில் காத்திருப்பது என்று சிறு சிறு கட்டங்களில் இழப்பு கசிகிறது. கிடங்குக்குள் வைத்த பிறகு நிகழ்வது அதில் ஒரு பகுதிதான். இந்த அளவீடுகள் எடையிழப்பையும் அழுகலையும்தான் பெரிதும் பிடிக்கின்றன. வாடியதால் பாதி விலைக்குப் போன கீரை விற்றுப்போன கீரையாகவே கணக்கில் ஏறும். வண்டிக்காரரின் இழப்பு அங்கேதான் இருக்கிறது.

2015இல் தேசியக் குளிர்த்தொடர் மேம்பாட்டு மையத்துக்காகச் செய்யப்பட்ட கணக்கெடுப்பு இதைத் தெளிவாக்குகிறது. குளிர்பதனக் கிடங்குகளில் தேவைக்கும் இருப்புக்கும் இடைவெளி பெரிதாக இல்லை. தேவை சுமார் 3.5 கோடி டன், இருந்தது சுமார் 3.18 கோடி டன். ஆனால் வயலுக்கு அருகே காயைத் தரம் பிரித்து, முதல் சூட்டைத் தணித்து அனுப்பும் சிப்பக்கூடங்கள் 70,080 வேண்டிய இடத்தில் 249 மட்டுமே இருந்தன. குளிர்வண்டிகள் 61,826 தேவை. இருந்தவை பத்தாயிரத்துக்கும் குறைவு. கட்டிய கிடங்குகளில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கானது. நமக்குக் குளிர் இருக்கிறது. அது வயலிலிருந்து வெகுதொலைவில் இருக்கிறது.

3. காயின் மூச்சு

பறித்த காய் செத்த பொருளன்று, அது மூச்சுவிடுகிறது. செடியிலிருந்து சோறு வருவது நின்றுவிட்டதால் தன்னிடம் உள்ள சர்க்கரையைத் தானே எரித்துக்கொள்கிறது, வெப்பம் விடுகிறது, நீரை இழக்கிறது. வெப்பநிலை பத்து டிகிரி ஏறும்போது இந்த மூச்சு ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று மடங்காகிறது. ஆகவே 40 டிகிரியில் கழியும் ஒரு மணி நேரம், 20 டிகிரியில் கழியும் பல மணி நேரத்துக்குச் சமம். மே மாதப் பிற்பகலில் பறித்து, சாக்கில் திணித்து, லாரியில் இரவு முழுவதும் வெந்த காயை மறுநாள் எவ்வளவு சிறந்த கிடங்கில் வைத்தாலும் போன ஆயுள் திரும்பாது. முதல் சில மணி நேரத்தில் ஐந்தாறு டிகிரி தணித்தாலே கிடைக்கும் பலன், பிறகு தரும் பூஜ்யம் டிகிரியைவிடப் பல காய்களுக்குப் பெரிது.

எல்லாக் காய்க்கும் ஒரே குளிர் ஆகாது என்பதும் முக்கியம். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும். தக்காளியும் மாம்பழமும் கடுங்குளிரில் மணமும் பக்குவமும் கெடும். சமையல் உருளைக்கிழங்கைக் குளிரூட்டினால் மாவு சர்க்கரையாகி இனிக்கும். வெங்காயம் கேட்பது குளிரைவிடக் காற்றோட்டத்தை. பெரம்பலூரிலும் திண்டுக்கல்லிலும் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைக்கிறார்கள். தரையிலிருந்து உயர்த்திய தளம், காற்று புகும் பக்கத் தட்டி, மேலே கூரை, அவ்வளவுதான். நாசிக்கின் வெங்காயக் கொட்டகைகளும் இதே அறிவில் எழுந்தவை. மின்சாரம் இல்லாததால் ஏழைகள் செய்துகொண்ட மாற்று ஏற்பாடு என்று பட்டறையை நினைப்பது பிழை. அந்தப் பயிருக்கு அதுவே சரியான கிடங்கு.

இந்த வேறுபாடு தெரியாமல் பேசுவதால்தான் தக்காளி பற்றிய விவாதம் ஆண்டுதோறும் தடம்புரள்கிறது. 2023 ஜூலையில் தில்லியில் தக்காளி கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டியது. தேசிய நுகர்வோர் கூட்டுறவுக் கூட்டமைப்பு நடமாடும் வண்டிகளில் 90 ரூபாய்க்கும் பிறகு அதைவிடக் குறைத்தும் விற்றது. போதிய குளிர்பதனக் கிடங்கு இருந்தால் இப்படி நடக்காது என்று அப்போது பலர் எழுதினார்கள். பழுத்த தக்காளி நல்ல குளிரறையில் இரண்டு, மூன்று வாரம் தாங்கும். மார்ச், ஏப்ரலில் சாலையோரம் கொட்டப்படும் தக்காளியை ஜூலைவரை காப்பாற்றும் கிடங்கு உலகில் எங்கும் இல்லை. கிடங்கு தரக்கூடியது சில நாள் தவணை. விவசாயிக்கு அந்தச் சில நாளும் பெரிதுதான், ஆனால் அது வேறு வாதம்.

4. செங்கல் தொட்டி

பூசாவின் 'சுழிய ஆற்றல் குளிரறை'யின் அமைப்பு எளியது. தரையில் ஒரு வரிசை செங்கல் பரப்பி, அதன்மேல் இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். சுவர்களுக்கு இடையே ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி. அதில் ஆற்று மணல். மேலே மூங்கில் சட்டத்தில் வைக்கோல் அல்லது வெட்டிவேர் வேய்ந்த மூடி. முழுதும் நிழல் தரும் ஒரு கொட்டகைக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் மணலிலும் மூடியிலும் தண்ணீர் ஊற்றினால் போதும்; சொட்டு நீர்க்குழாய் வைத்தால் இன்னும் நல்லது. சுமார் நூறு கிலோ காய் கொள்ளும். கொத்தனார் இல்லாமலே கட்டிக்கொள்ளலாம்.

வறண்ட கோடையில் உள்ளே வெப்பம் வெளியைவிட 10 முதல் 15 டிகிரி குறைவாகவும் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கும். கோடையில் வெளியே ஒரு நாள்கூடத் தாங்காத தண்டுக்கீரை தொட்டிக்குள் மூன்று நாளும், ஒரே நாளில் முற்றி நார் ஏறும் வெண்டைக்காய் ஆறு நாளும் தாங்கியதாக அதை உருவாக்கியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீரை விற்பவருக்கு மூன்று நாள் என்றால், இன்றைய விலையை இன்றே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று பொருள்.

இதன் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே வியப்பு ஏற்பட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது எடுப்பது 334 கிலோஜூல்தான். அதாவது ஆவியாகும் ஒரு லிட்டர் தண்ணீர் ஏழு கிலோ பனிக்கட்டியின் வேலையைச் செய்கிறது. நூறு கிலோ தக்காளியை 40 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குத் தணிக்க, கணக்குப்படி இரண்டரை லிட்டர் தண்ணீர் ஆவியானால் போதும். சுவர் வழியே வந்துகொண்டே இருக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் நடைமுறையில் சில குடங்கள் தேவைப்படும். மண்பானையில் தண்ணீர் வைத்துக் குடிக்கும் எவருக்கும் இது புதிதன்று. நைஜீரியாவில் முகமது பா அப்பா 1990களில் பானைக்குள் பானை வைத்து இடையில் ஈர மணல் நிரப்பிச் செய்ததும், குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி களிமண்ணில் 'மிட்டிகூல்' பெட்டி செய்ததும் இதே வழியில்தான்.

அப்படியிருந்தும் ஏன் பரவவில்லை? விவசாயிகளின் அறியாமை என்பது வழக்கமான விடை. அதை நான் ஏற்கவில்லை. தொட்டியின் எல்லைகள் அதன் இயற்பியலிலேயே இருக்கின்றன.

5. வறண்ட ஊரும் ஈர ஊரும்

காற்று எவ்வளவு தண்ணீரை ஏற்கும் என்பதே ஆவிக் குளிர்ச்சியின் எல்லை. 42 டிகிரி வெயிலும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள தில்லி மே மாதப் பிற்பகலில், ஆவியாதலால் எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த வெப்பநிலை சுமார் 24 டிகிரி. பதினெட்டு டிகிரி லாபம். அதே தில்லியில் ஜூலை மாதம், 34 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது எல்லை 30 டிகிரியில் நின்றுவிடும். நான்கு டிகிரிதான் லாபம். ஜூலையில் கூலர் காற்று பிசுபிசுப்பதும், மோதி பாக் ஜன்னல்களில் அது பயனற்றுப்போவதும் இதனால்தான். சென்னையில் மே மாதத்தில்கூட, 38 டிகிரியும் பாதி ஈரமும் உள்ள காற்றில், எல்லை 29 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

வடக்கும் கடற்கரையும் குளிரைத் தேடிக்கொண்ட வரலாறு இந்த வேறுபாட்டை அப்படியே பிரதிபலிக்கிறது. அக்பர் அரசவையில் வெடியுப்பைக் கரைத்துத் தண்ணீரைக் குளிரவைத்ததை அபுல் ஃபசல் ஆயினி அக்பரியில் எழுதியிருக்கிறார். அலகாபாத்தில் வறண்ட குளிர்கால இரவுகளில், பள்ளத்தில் காய்ந்த கரும்பு அல்லது மக்காச்சோளத் தட்டை பரப்பி அதன்மேல் ஆழமற்ற சிறு மண்தட்டுகளில் தண்ணீர் வைத்துப் பனிக்கட்டி எடுத்த முறையை ராபர்ட் பார்க்கர் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விவரித்தார். ஈரக் கடற்கரைக்கு இந்தப் பனிக்கட்டி முறை பெரிதும் எட்டவில்லை. ஃபிரெடரிக் டியூடரின் 'டஸ்கனி' கப்பல் 1833இல் பாஸ்டனிலிருந்து 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, சுமார் 100 டன்னைக் கல்கத்தாவில் இறக்கியது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அந்த வணிகத்தின் கிடங்கு. வடக்கே குளிரை வறண்ட காற்றிலிருந்து பிழிந்தார்கள். கடற்கரையில் கப்பலில் இறக்குமதி செய்தார்கள்.

இங்கே பூசாவின் தொட்டியை விரும்புகிறவர்கள் நேர்மையாகச் சந்திக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. 2012 ஜூலை 30ஆம் தேதி அதிகாலையில் வடக்கு மின்தொகுப்பு சரிந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் விழுந்து அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரம் இழந்தார்கள். தில்லி மெட்ரோ நின்றது. அது ஜூலை மாதம். மின்சாரம் கைவிட்ட அதே பருவத்தில் ஈரச்சுவரும் கைவிட்டிருக்கும். ஆக, மின்சாரத்துக்கு மாற்று ஆவியாதல் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆண்டில் நான்கைந்து மாதம், வறண்ட பகுதிகளில், கீரைக்கும் வெண்டைக்கும் புதினாவுக்கும் அது மிகச் சிறந்த கருவி. அதற்குமேல் அதன்மீது சுமை ஏற்றுவது அதற்கே செய்யும் அநீதி.

6. குளிரைத் தூக்கிச் செல்லுதல்

மழைக்காலத்துக்கும் கடற்கரைக்கும் வழி என்ன? பேட்டரி என்பது உடனே தோன்றும் விடை. விலை அதிகம், வெப்பத்தில் ஆயுள் குறைவு, ஊரில் பழுது பார்க்க ஆள் இல்லை. ஆனால் நமக்கு வேண்டியது இரவில் மின்சாரம் அன்று, இரவில் குளிர். மின்சாரத்தைச் சேமிப்பதைவிடக் குளிரைச் சேமிப்பது எளிது.

தமிழ்நாட்டு மீனவர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். காசிமேட்டிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கிளம்பும் விசைப்படகு ஐஸ் ஏற்றிக்கொண்டுதான் போகிறது. கடலுக்குள் மின்கம்பி கிடையாது. கரையில் உள்ள ஐஸ் ஆலைக்கு மின்சாரம் இருக்கும் நேரத்தில் கட்டியாக்கிய குளிர், படகின் அறையில் பல நாள் உழைக்கிறது. மதுரை மல்லியும் இப்படித்தான் ஐஸ் வைத்த பெட்டியில் விமானம் ஏறுகிறது. மீனுக்கும் பூவுக்கும் தீர்ந்த சிக்கல் காய்கறிக்கு மட்டும் ஏன் தீராததாகத் தோன்ற வேண்டும்? ஒரு டன் காயை 35 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குத் தணிக்கக் கணக்குப்படி சுமார் 300 கிலோ ஐஸ் போதும். ஐம்பது கிலோ பார்களாக எடுத்தால் ஆறு பார்.

பூசாவில் பின்னாளில் சங்கீதா சோப்ராவும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து உருவாக்கிய 'பூசா ஃபார்ம் சன்ஃப்ரிட்ஜ்' இந்த எண்ணத்தை ஒட்டியது. ஏறத்தாழ இரண்டு டன் கொள்ளும் அறை. பேட்டரி இல்லை. பகலில் சூரியத் தகடுகள் குளிரூட்டியை இயக்கித் தண்ணீரைக் குளிரவைக்கின்றன. அந்தத் தண்ணீர் இரவில் அறையைக் காக்கிறது. வெளிச்சுவர்களில் ஈரத்துணி வைத்து வெப்பம் புகுவதைக் குறைத்திருக்கிறார்கள். பழைய செங்கல் தொட்டியின் அறிவு இங்கே முதல் வேலியாக நிற்கிறது. இயந்திரம் மீதி வேலையைச் செய்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விவாதங்களைவிட இந்தச் சேர்க்கை எனக்கு நம்பிக்கை தருகிறது. மேகமூட்டம் தொடர்ந்து பல நாள் நீடித்தால் இதுவும் தடுமாறும். அப்போது மின்சாரம் வரும் நேரத்தில் இணைத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். நம்ப முடியாத மின்சாரம் என்பது இல்லாத மின்சாரமன்று. ஒரு நாளில் ஆறு மணி நேரம் வந்தாலும் அதைக் கொண்டு ஒரு தொட்டி ஐஸ் உறையவைக்கலாம். புனேவின் ஈகோசென் நிறுவனம் செய்யும் சூரியக் குளிரறைகளிலும் வெப்பத்தைத் தேக்கும் பொருள்களில் குளிரைச் சேர்க்கும் வழிதான் கையாளப்படுகிறது.

7. யார் கொடுப்பது?

தொழில்நுட்பம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பரவாததன் காரணத்தைச் சந்தையில் தேட வேண்டும். 1977இல் ஆசாத்பூர் மண்டி உருவானதிலிருந்து தில்லிக்கு வரும் காயின் விலை பெரிதும் அங்கேதான் முடிவாகிறது. மோதி பாக்கும் ஆசாத்பூரும் இன்று ஒரே இளஞ்சிவப்பு மெட்ரோப் பாதையில் இருக்கின்றன. காய் வரும் வழியோ நீண்டது: விவசாயி, ஊர் வியாபாரி, ஆசாத்பூர் முகவர், மொத்த வாங்குநர், தள்ளுவண்டிக்காரர். இந்தத் தொடரில் வயலில் காயைக் குளிரவைத்தவருக்கு அதற்கான விலை கிடைப்பதில்லை. ஏலத்தில் பார்வையும் எடையும்தான் பேசும். இன்னும் மூன்று நாள் தாங்கும் என்ற குணம் கண்ணுக்குத் தெரியாது. அந்த மூன்று நாளின் லாபம் தொடரின் கடைசியில் இருப்பவருக்குப் போகிறது. செலவு மட்டும் முதலில் இருப்பவர் தலையில். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் வேலை வீட்டுப் பெண்களின் தலையில் விழும் என்பதையும் திட்ட அறிக்கைகள் கணக்கில் சேர்ப்பதில்லை. கோடையில் தண்ணீர் தூக்கும் ஊரில் அது சிறிய வேலையன்று.

நைஜீரியாவில் இன்னாமேகா இகேக்வுவோனு தொடங்கிய கோல்டுஹப்ஸ் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. சூரிய சக்திக் குளிரறைகளைச் சந்தைக்குள்ளேயும் பண்ணைத் தொகுதிகளிலும் வைத்து, ஒரு பெட்டிக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறார்கள். முதலீடு விவசாயியுடையது அன்று; யாருக்கு அந்த நாள் தேவையோ அவர் அந்த நாளுக்கு மட்டும் கொடுக்கிறார். மாலையில் மிஞ்சிய காயை மறுநாள் விற்கலாம் என்ற நிம்மதிக்குச் சில்லறை வியாபாரி கொடுக்கும் விலை அது. நம் உழவர் சந்தைகள் சிலவற்றில் சிறிய குளிரறைகள் உண்டு. அவற்றைப் பெட்டிக் கணக்கில், நாள் வாடகைக்கு, தள்ளுவண்டிக்காரருக்கும் திறந்துவிடலாம்.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டை எடுத்துக்கொள்வோம். தக்காளிக்குப் பெயர்பெற்ற உள்நாட்டு ஊர். 35 டிகிரியும் 35 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு மார்ச் பிற்பகலில் ஆவிக் குளிர்ச்சி அங்கே 24 டிகிரிக்குச் சற்றுக் கீழே வரை இறக்கும். பழுக்காத தக்காளிக்கு அது தாராளம். வரப்போரம் நிழலில் செங்கல் தொட்டிகள், சந்தையில் ஐஸோ குளிர்ந்த தண்ணீரோ தேக்கிய ஓர் அறை, இரண்டுக்கும் இடையே மாலை நேர வண்டி என்று அமைத்தால், பெரிய கிடங்கு எதுவும் இன்றியே காயின் முதல் இரவைக் காப்பாற்றலாம். நாகப்பட்டினத்தில் இதே தொட்டியைக் கட்டுவது வீண். அங்கே துறைமுகத்து ஐஸ் ஆலையிடம் காய்க்கும் ஒரு பங்கு கேட்க வேண்டும். எத்தனை டன் கொள்ளளவு கட்டினோம் என்ற கணக்கு இந்த இரண்டு ஊர்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டாது. பறித்த காய் முதல் குளிரைத் தொட எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற கணக்கு காட்டும்.